தேனீக்களிடம் சொன்ன பெயர்

2014 பிப்ரவரி 3, திங்கள்

வந்து சேர்ந்தேன். ரயிலடியில் கார் கொண்டுவந்து நின்ற அம்மாளை டிரைவர் என்று நினைத்து, பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன். சேறு அப்பிய பூட்ஸ், முழங்கையில் கிழிந்த கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. வேறு என்ன நினைப்பது? பாதி வழியில்தான் தெரிந்தது, அவர்தான் வீட்டு மகள், மிஸ் ஹெஸ்டர். மன்னிப்புக் கேட்டேன். "பெட்டி கனமில்ல" என்றார். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை பேச்சில்லை.

நான் பார்த்துக்கொள்ள வந்திருப்பது அவருடைய அப்பாவை. ஆஸ்டன்மியர் பிரபு. அந்தப் பட்டத்தில் அவர் பதினோராமவராம். தொண்ணூறு தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்து, இருதயமும் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார். குவைத்தில் ஒரு ஷேக் வீட்டுக் கிழவியைப் பார்த்தேன், பர்மிங்காமில் ஒரு ஜட்ஜைப் பார்த்தேன், இப்போது பிரபு. படுத்தால் எல்லார் முதுகும் புண்ணாகத்தான் செய்கிறது.

வீட்டில் எத்தனை அறை என்று மிஸ் ஹெஸ்டரிடம் கேட்டேன். "ஒழுகுறதா, ஒழுகாததா?" என்று திருப்பிக் கேட்டார்.

பிப்ரவரி 5

இவர்கள் பேசுவதை இங்கிலீஷில் எழுதினால் எனக்கே பிறகு படிக்கப் பிடிக்காது. மார்த்தாண்டத்துப் பேச்சில்தான் எழுதப் போகிறேன். காதில் அப்படித்தான் விழுகிறது. ஒரு சங்கடம், இங்கிலீஷில் நீ, நீங்க இரண்டுக்கும் ஒரே சொல். பெரியவர் எனக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் என்பதை நானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கஞ்சியைத் துப்புகிற நாளில் நீ. மற்ற நாளில் நீங்க.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரியவரைச் சக்கர நாற்காலியில் மாடிப்படி அடிவரை தள்ளிக்கொண்டு போனேன். படி ஏற ஏறச் சுவரில் படங்கள். எல்லாம் முன்னால் இருந்த பிரபுக்கள். கைத்தடியால் ஒவ்வொருவராகச் சுட்டிக் காட்டினார்.

முதலாமவர் பட்டாளத்துக்கு பிஸ்கட் சப்ளை செய்தவர். பாதி புழுத்தது. அதற்குத்தான் ராஜா பட்டம் கொடுத்தாராம். மூன்றாமவருக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏரி தெரிய வேண்டும் என்று ஆசை. ஏரி வெட்ட ஊர் இடைஞ்சலாக இருந்தது. ஊரையே பெயர்த்து மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார். சர்ச் கட்டடத்தை மட்டும் பெயர்க்க முடியவில்லை. அது இன்னும் ஆடு மேய்கிற புல்வெளி நடுவில் தனியாக நிற்கிறது. ஆறாமவர் லண்டன் வீட்டைச் சீட்டாட்டத்தில் விட்டவர். எட்டாமவருக்கு மூளை இல்லை, ஆனால் மீசை நன்றாக இருந்தது. இதெல்லாம் பெரியவர் சொன்னதுதான். நான் சேர்க்கவில்லை.

"பொம்பிளையளுக்க படம் எங்க?" என்று கேட்டேன்.

"பெண்டாட்டிமாரு வராந்தாவுல இருக்காவ."

"மக்க?"

"ஆண்மக்க இந்தா, இருக்கானுவளே" என்று பிரபுக்களைக் காட்டினார்.

பெண்மக்களுக்குப் படம் இல்லை. பெண்மக்களுக்கு வீடும் இல்லை. பெரியவரின் தாத்தா எழுதிவைத்த ஏற்பாட்டின்படி வீடும் நிலமும் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். பட்டம் ஆண்வழிக்கு மட்டும். பெரியவருக்கு ஒரே மகள். அதனால் அடுத்த பிரபு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கும் காலின் என்கிற ஒன்றுவிட்ட சொந்தம். நீச்சல் குளம் கட்டிக்கொடுக்கிற தொழில். இந்த வீட்டை அவர் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

இதைச் சொல்லும்போது மிஸ் ஹெஸ்டர் மேலே கூரையில் இருந்தார். நேற்றுக் காற்றில் ஓடு போய்விட்டதாம்.

பிப்ரவரி 14

தம்பி எட்வின் ஊரிலிருந்து ஃபோன் செய்தான். "யக்கா, விடுதலைப் பத்திரம் ரெடியாயாச்சு. கொரியர்ல அனுப்புதேன். அங்க தூதரகத்துல ஒப்பு போட்டு அனுப்பினா போதும்" என்றான். அப்பா போன பிறகு வீடும் அதன் பின்னால் ரப்பர் மரங்கள் நிற்கும் விளையும் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் கிடக்கிறது. விளையை யாரோ கல்யாண ஆடிட்டோரியம் கட்டக் கேட்கிறார்களாம். நான் என் பங்கை விட்டுக்கொடுத்தால் முடித்துவிடலாம்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது வழக்கம்தான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அனுப்பச் சொன்னேன்.

பெரியவருக்குக் குதிகாலில் சிவந்திருக்கிறது. தலையணை மாற்றி வைத்தேன்.

பிப்ரவரி 21

பர்மிங்காம் கடையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு, எங்கள் ஊர் மரச்சீனி, வாங்கி வந்திருந்தேன். வேகவைத்துத் தேங்காய் போட்டு எடுத்துப்போனேன். என்னவென்று கேட்டார். சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூட விடுதியில் ஏழு வயதிலிருந்து மரச்சீனிக் களியைப் பாலில் போட்டுத் தின்னவைத்தார்களாம். தவளை முட்டை என்று பையன்கள் பெயர் வைத்திருந்தார்களாம். இரண்டு வாய் தின்றுவிட்டு, "இது அது இல்ல. கொள்ளாம்" என்றார். தட்டு காலி.

பிப்ரவரி 26

மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தில் தேன் பெட்டிகள் இருக்கின்றன. வெள்ளை அடித்து, சின்ன வீடு போல அடுக்கி வைத்தவை. இங்கே வந்தும் தேன் பெட்டியா என்று இருந்தது. நான் வேண்டுமென்று அந்தப் பக்கம் போகவில்லை. கீரை பறிக்கத்தான் போனேன்.

மிஸ் ஹெஸ்டர் ஒவ்வொரு பெட்டியாகப் பின்புறம் கை கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் திறக்கக்கூடாது. எடையை வைத்துத் தீனி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டி லேசாக இருந்தது போலும். பையிலிருந்து சர்க்கரைக் கட்டியை எடுத்து வைத்தார்.

"ஊர்ல நாங்க மழைக்காலத்துல சீனிப்பாவு வைப்போம்" என்றேன்.

"ஒங்க வீட்டுல தேனீ உண்டா?"

"அப்பாவுக்கு உண்டு. நான் சும்மா கூட நிப்பேன்."

அவர் என் கையைப் பார்த்தார். பெட்டியின் அடிப்பலகையில் படிந்திருந்த செத்த ஈக்களை நான் ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தேன். அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 6

ஆடுகள் குட்டி போடும் காலம். மிஸ் ஹெஸ்டர் கொட்டகையிலேயே சாப்பிடுகிறார். ரொட்டியில் வைக்கோல் ஒட்டியிருக்கிறது, தட்டிவிட்டுத் தின்கிறார். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று சமையல்கார அம்மாளிடம் கேட்டேன். ஒரு கால்நடை டாக்டர் கேட்டாராம். அந்த வருஷம் வீட்டுக்கூரை இறங்கியது, அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தது, அது அப்படியே போயிற்றாம்.

எனக்கும் ஒரு சம்பந்தம் தேன் சீசனில்தான் வந்தது. அப்பாவுக்கு முட்டு வீங்கிக் கிடந்தது. தேன் பெட்டிகள் எல்லாம் எங்கள் ரப்பர் விளையில் வைத்திருந்தோம். சரி, அது பழைய கதை.

மார்ச் 11

பத்திரம் வந்தது. மேசை இழுப்பறையில் வைத்தேன். தூதரகத்துக்குப் போக லீவு கேட்க வேண்டும்.

மார்ச் 18

இன்று பெரியவர் தெளிவாக இருந்தார். கதவை அடைக்கச் சொன்னார்.

"தேனீக்கிட்ட சேதி செல்லணும், தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். விளக்கினார். இந்த வீட்டில் எசமான் செத்தால் அன்றைக்கே யாராவது போய்த் தேனீக்களிடம் சொல்ல வேண்டும். வாசல் கதவுச் சாவியால் பெட்டியை மூன்று தடவை தட்டி, இன்னார் போய்விட்டார், இனி இன்னார் உங்கள் எசமான் என்று ஒவ்வொரு பெட்டியிலும் சொல்லிக் கறுப்புத் துணி கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் தேனீ கோபித்துக்கொண்டு போய்விடும். இவருடைய அப்பா செத்தபோது தோட்டக்காரர் சொன்னாராம். இப்போது தோட்டக்காரர் கிடையாது.

"நீங்க போயி செல்லணும். ஹெஸ்டருக்கு அது கஷ்டமா இருக்கும்."

"என்ன பேரு செல்லணும்?"

"காலின்."

"அதுவ காலினைக் கண்டதே இல்லியே, மை லார்ட்."

"அதுக்கென்ன? என்னையும் அதுவளுக்குத் தெரியாது. நான் ஒருநாளும் பக்கத்துல போனதில்ல."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒங்க மவ ஒருநாளும் கேட்டதில்லியா?" என்றேன்.

"என்னத்த?"

"இந்த வீட்டை."

"ஹெஸ்டரா? அவ எதையும் கேக்கமாட்டா. நல்ல பிள்ள."

நல்ல பிள்ளை. இந்தப் பட்டம் எனக்கும் உண்டு. எங்கள் ஊரில் அதற்குப் பதினோரு தலைமுறை எல்லாம் வேண்டாம், பெண்ணாகப் பிறந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரே தலைமுறையில் கிடைத்துவிடும்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சாவு படுக்கையில் இருப்பவரிடம் வேறு என்ன சொல்வது?

மார்ச் 19

கஞ்சியைத் துப்பினார். நீ.

மார்ச் 30

வெயில் வந்திருக்கிறது. தேனீக்கள் வெளியே பறக்கின்றன. காலில் மஞ்சள் பொடி உருண்டை. லேசாக இருந்த அந்தப் பெட்டியும் பிழைத்துக்கொண்டது. மிஸ் ஹெஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஏப்ரன் கூடக் கழற்றாமல் ஓடியது தெரிந்தது.

எட்வின் இரண்டு தடவை கூப்பிட்டான். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் இன்னும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பெரியவர் காலையில் போய்விட்டார். முகம் துடைத்துவிட்டுச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பினால் மூச்சில்லை. கஷ்டப்படவில்லை.

மிஸ் ஹெஸ்டர் கொட்டகையிலிருந்து வந்தார். கையைக் கழுவிவிட்டு, அப்பாவின் தலைமுடியைச் சரி செய்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு நேராக ஃபோனுக்குப் போனார். "ஆஸ்டன்மியர் பிரபுவா? நான் ஹெஸ்டர்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது, பெர்த்தில் இருக்கும் காலினைப் பிடித்து அவரை அந்தப் பெயரில் கூப்பிடுகிறார். இங்கே உடம்பு ஆறவில்லை, பட்டம் கடல் தாண்டிவிட்டது. அந்தப் பெயரால் முதலில் கூப்பிடுவது குடும்பத்து ஆளாக இருக்க வேண்டுமாம். அதையும் இவரே செய்தார்.

ஃபோனை வைத்துவிட்டு, வாசல் பக்கத்து ஆணியிலிருந்து பெரிய இரும்புச் சாவியை எடுத்தார்.

"மை லார்ட் என்னையாக்கும் செல்லச் சொன்னாரு" என்றேன்.

"தெரியும். எனக்குக் கஷ்டமா இருக்கும்னு செல்லியிருப்பாரு. நான் செல்லுதேன்."

பின்னாலேயே போனேன். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து தட்டினார். "ஒங்க எசமான் போயிட்டாரு. இனி காலின்தான் ஒங்க எசமான். அவருக்கு நல்லபடியா வேல செய்யுங்க." கறுப்பு நாடாவைக் கட்டினார். அடுத்த பெட்டி. அதே வார்த்தை. குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. லேசாக இருந்து பிழைத்த பெட்டியிலும் அதையே சொன்னார். இருந்த வீட்டையும் தான் வளர்த்த தேனீயையும் தன் வாயாலேயே இன்னொருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்தார். யாரும் அவரை மிரட்டவில்லை. சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு ஆடு கஷ்டப்படுது, பாக்கணும்" என்று கொட்டகைக்குப் போய்விட்டார்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. பெரியவர் மேலா, அவர் தாத்தா மேலா, இந்த மனுஷி மேலா என்று தெரியவில்லை. திரும்பி முதல் பெட்டிக்குப் போனேன். தட்ட என்னிடம் சாவி இல்லை. யோசித்துப் பார்த்தால் எந்த வீட்டுச் சாவியும் என்னிடம் இல்லை. விரலை மடக்கித் தட்டினேன்.

"இந்தா கேளுங்க. அவ இப்பம் செல்லினது சட்டத்துக்குச் செல்லினது. ஒங்களுக்குத் தீனி வச்சது ஆரு? பனியில வந்து தூக்கிப் பாத்தது ஆரு? ஹெஸ்டராக்கும் ஒங்க எசமாட்டி. மறந்திராதுங்க."

எல்லாப் பெட்டியிலும் சொன்னேன். தமிழ் புரியுமா என்று கேட்டால், காலின் என்ற பெயர் மட்டும் புரிந்ததா?

கடைசிப் பெட்டியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அடக்கம் முடிந்த அன்றைக்குச் சாவிக்கொத்தை எட்வின் கையில் கொடுத்தது யார்? நான்தான். அவன் கேட்கக்கூட இல்லை. அப்பாவின் தேன் பெட்டிகள் எல்லாம் அந்த மழைக்குள் காலியாகிவிட்டன. தீனி வைக்க ஆள் இல்லை, ஈக்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. குவைத்தில் இருக்கும்போது யாரோ சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 12

எட்வின் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஏப்ரல் 22

அடக்கம். புல்வெளி நடுவில் நிற்கும் அந்த சர்ச்சில்தான். பிரபுக்களுக்கு உள்ளே கல்லறை அறை. மற்றவர்களுக்கு வெளியே மண். மலைக்கு அந்தப் பக்கம் பெயர்க்கப்பட்ட ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சேற்றில் நடந்து வந்த களைப்பில், மூன்றாமவரை இன்னும் திட்டுகிறார்கள்.

காலின் வந்திருக்கிறார். ஒருவிதமாக ஆளை நினைத்து வைத்திருந்தேன். பார்த்தால் பாவமாக இருந்தது. வெயிலில் சிவந்த முகம், மெல்லிசான கோட்டு, குளிரில் பல் கிடுகிடுக்கிறது. முன்வரிசை பிரபுவுக்கு மட்டும். அவர் அதில் உட்காராமல் நின்றுகொண்டே, "நீங்க முதல்ல வாங்க, ஹெஸ்டர்" என்றார். மிஸ் ஹெஸ்டர் தலையாட்டிவிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

ஏப்ரல் 25

காலை உணவுக்கு மூன்று பேரும் அடுக்களையில். காலின் தயங்கித் தயங்கிப் பேசினார். இவ்வளவு பெரிய கூரையைத் தன்னால் தாங்க முடியாது, வீட்டைக் கல்யாண விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் கம்பெனியிடம் ஒப்படைக்கலாம் என்றிருக்கிறாராம், வாசல் பக்கத்துச் சின்ன வீட்டில் ஹெஸ்டர் ஆயுசுக்கும் இருக்கலாம் என்றார். உலகத்தில் எல்லா நிலமும் கடைசியில் ஆடிட்டோரியமாகத்தான் போகும் போலிருக்கிறது.

"பிறவு இன்னொண்ணு" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு ஊசியை எடுத்து மேசையில் வைத்தார். "எனக்குத் தேனீ ஆகாது. ஒண்ணு கடிச்சாலும் மூச்சு நின்னிரும். அதுவள எங்கயாவது... நீங்க எடுத்துக்கிட்டா உபகாரம்."

மிஸ் ஹெஸ்டர் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் ஆஸ்டன்மியர் பிரபுவின் முதல் உத்தரவு. என் பேச்சைத் தேனீக்கள் கேட்டுவிட்டன என்று நானும் உள்ளுக்குள் சிரித்தேன்.

மத்தியானம் பாத்திரம் துடைக்கும்போது வாசல் வீட்டுக்குப் போகப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏரிக்கு அந்தப் பக்கம், மலை தாண்டி ஒரு பண்ணையில் இடம் பார்த்திருக்கிறாராம். பக்கத்திலேயே வைத்தால் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும், தூரமாகப் போக வேண்டும் என்றார். தேனீயைத்தான் சொன்னார்.

"அப்பாமேல ஒங்களுக்கு வருத்தம் இல்லியா?"

தட்டைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவரு இல்லன்னு செல்லியிருப்பாரு, ஜெயசீலி. செய்யவும் முடியாது, சட்டம் அப்படி. ஆனாலும் நான் ஒரு தடவ கேட்டிருக்கணும். இல்லன்னு செல்ல அவருக்குக் கஷ்டமா இருந்திருக்கும். அந்தக் கஷ்டத்தை நான் அவருக்குக் குடுக்கவே இல்ல."

நான் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 9

ஏஜென்சி அடுத்த வீடு சொல்லிவிட்டது. ஒரு வாரம் தள்ளிக் கேட்டு வாங்கினேன். லீவு கேட்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்தது.

மே 10, சனி

வெளிச்சம் மங்கும்போது எல்லா ஈயும் கூடடைந்த பிறகு, வாசலைப் பஞ்சால் அடைத்து, பெட்டிகளைக் கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றினோம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். அவர் சொல்வதற்கு முன்னே என் கை போய்விடுகிறது. "சும்மா கூட நின்னேன்னு செல்லினீங்க" என்றார். முடிச்சை இறுக்கினேன்.

காலின் தூரத்தில் மதில் வாசலில் நின்று கை அசைத்தார். மிஸ் ஹெஸ்டர் வண்டியை நிறுத்தி, கோட்டுப் பையிலிருந்து இரும்புச் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார். வண்டியில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அத்தனை ஜன்னலில் ஒன்றில்கூட வெளிச்சம் இல்லை.

புது இடத்தில் பெட்டிகளை இறக்கிப் பஞ்சை எடுத்தோம். என் கட்டைவிரலில் ஒன்று கொட்டியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. நகத்தால் முள்ளைச் சுரண்டி எடுத்தேன். வலி பழகியதாகத்தான் இருந்தது.

மே 11, ஞாயிறு

விரல் வீங்கியிருக்கிறது. காலையில் இழுப்பறையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு எட்வினைக் கூப்பிட்டேன். அங்கே ஆராதனை முடிந்து வந்திருப்பான்.

"யக்கா, ஒப்பு போட்டாச்சா?"

"இல்ல. போடமாட்டேன். விளையில பெட்டி வச்சிருந்த பக்கம் எனக்கு வேணும்."

பின்னால் அவன் பெண்டாட்டி என்னவென்று கேட்பது கேட்டது.

"அப்பாவுக்க காலத்துலயும் கேக்கல, அடக்கத்து அன்னைக்கும் கேக்கல. இத்தன வருஷம் ஒரு வார்த்த கேட்டதில்லியே, யக்கா."

"இல்ல, எட்வின்" என்றேன். "இப்பம் கேக்குதேன்."